செங்கமலத்தின் துணியில் நான் முகர்ந்தது

போன மாதம் உங்கள் மருத்துவ உதவியாளர் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை கேட்டாள்: "அங்கிள், அப்பல்லாம் எஸ்டேட்ல லேப் இல்ல, எக்ஸ்ரே இல்ல. சீக்குக்காரங்கள எப்படித்தான் பார்த்தீங்க?"

"மூக்கால பார்த்தேன்மா" என்றேன்.

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. நான் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூக்கால் பிழைக்க வைத்த கதை ஒன்றும் மூக்கால் கெடுத்த கதை ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. முதல் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இரண்டாவதைச் சொல்ல எழுபது வயது தாண்டவேண்டியிருந்தது. இரண்டாவதுதான் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலாயாவில், சிரம்பானில் பிறந்து வளர்ந்தவன். மிஷன் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில், வாயைத் திறந்தால் இங்கிலீஷ். எஸ்டேட் என்பது எனக்கு பஸ் ஜன்னலில் பார்த்த ரப்பர் மரங்கள்தான். காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் கடுமையாக நடந்துகொண்டிருந்த நேரத்தில், கோலா பிலா போகும் ரோட்டோரத்துத் தோட்டம் ஒன்றில் டிரெசர் வேலை கிடைத்தது. டிரெசர் என்றால் பாதி டாக்டர், பாதி கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், அதுவும் ரோட்டில் துப்பாக்கிச் சூடு நடக்காமல் இருந்தால். மற்ற நாளெல்லாம் பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, நான், வார்டு ஆயா பொன்னம்மா. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

தோட்டத்துக்குள் கால் வைத்த அன்று எனக்கு வாந்தி வராத குறை. புகைக்கூடத்தில் வாட்டும் ரப்பர், ரப்பர் உறைய ஊற்றும் ஆசிட், மரத்தடியில் புளித்துக் கிடக்கும் ரப்பர் பால்கட்டி, எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறின. இங்கே மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். பத்தாவது நாள் ஒரு நண்பன் என்னைப் பார்க்க வந்தான், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டேன். உண்மையிலேயே கேட்டேன். அதற்குள் எனக்கு அந்த வாடை தெரியாமல் போயிருந்தது. மூக்கு அப்படிப்பட்ட உறுப்பு: கூடவே இருப்பதைச் சீக்கிரம் மறந்துவிடும். அன்றே அதை யோசித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. நான் யோசிக்கவில்லை.

வாரம் ஒரு முறை வரும் டாக்டர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு பழக்கத்தை என்னிடம் வற்புறுத்தினார். "கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார். பிரித்த பிறகு கண் முந்திக்கொள்ளும்" என்பார். நான் அப்படியே செய்தேன். சீழில் எத்தனை வாடை உண்டு தெரியுமா? சிலது பச்சைப் புல் போல் இருக்கும், சிலது ஊறிய தோல் போல. சர்க்கரை மிஞ்சிப்போனவரின் மூச்சில் பழுத்த பழ வாடை அடிக்கும். எதற்கும் சரியான பெயர் இல்லை. நிறத்துக்குப் பெயர் இருக்கிறது, ருசிக்குப் பெயர் இருக்கிறது. வாசனையை மட்டும் "இது மாதிரி, அது மாதிரி" என்றுதான் சொல்ல முடிகிறது. நானே ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து மனப்பாடம் செய்தேன்.

ஒரு நாள், பாராங் கத்தி பட்டுக் காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர் வந்தார். காய்ச்சல் இல்லை, கட்டின் மேல் ரத்தம் இல்லை, வலி மட்டும் அதிகம் என்றார். குனிந்து முகர்ந்தேன். அசட்டுத் தித்திப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை. கட்டைப் பிரிக்காமலேயே அரிசி லாரியை நிறுத்தி அவரை சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சதை அழுகத் தொடங்கியிருந்ததாம். இரண்டு விரல் போயிற்று, கால் பிழைத்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் என் மூக்குக்குத்தான் மரியாதை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை கிளப்பில் போய்ச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. இருபத்துநான்கு வயது, வேறு எப்படி இருக்கும்?

இனி இரண்டாவது கதை.

அந்தக் காலத்து எஸ்டேட் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். காலையில் பால்வெட்டுக்குப் போகிற ஒவ்வொருவரையும் அங்கே சோதனை போடுவார்கள்; பெண்களைச் சோதிக்க ஒரு பெண். ஒரு பிடி சோறு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மாத்திரை கூட வெளியே போகக்கூடாது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று பயம். அகப்பட்டால் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். இந்தியாவுக்குக் கப்பலேற்றியும் விடலாம், பிள்ளை குட்டி இங்கே கிடக்க. காட்டுக்காரர்கள் கேட்டு மிரட்டினால் கொடுக்காமலும் இருக்க முடியாது. ஜனங்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், காட்டோரத்து ரப்பர் மர நிரை ஒன்றில் ரத்தம் தோய்ந்த பேண்டேஜ் கிடைத்தது. மறுநாள் காலை கோலா பிலாவிலிருந்து போலீஸ் இன்ஸ்பெக்டரே கேட்டில் வந்து நின்றார், மலாய்க்காரர், அளந்து பேசுகிறவர். அந்த நிரையில் வெட்டுகிற பெண்களைத் தனியாக நிறுத்திச் சோதித்தபோது, செங்கமலம் என்பவளின் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சு வந்தது. பிரித்தால் உள்ளே மஞ்சள் கறை, பொடிந்துபோன பழுப்புத் தூள். "இது மருந்துதான்" என்றார் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். "உங்கள் டிரெசருக்கு நல்ல மூக்காமே, கூப்பிடுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் அப்போது வார்டில் ஒரு கிழவரின் கால் புண்ணுக்கு ஐயோடோபார்ம் வைத்துக்கொண்டிருந்தேன். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள். மஞ்சள் பொடி. காட்டமான வாடை, ஒட்டினால் லேசில் போகாது. ஆள் வந்து கூப்பிட்டதும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கேட்டுக்குப் பத்து நிமிஷ நடை, மழை பெய்து ஓய்ந்த நல்ல காற்று.

கேட்டில் நாற்பது, ஐம்பது ஆண்கள் வரிசையில் நின்றார்கள். துரை நின்றார். செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் துணியை நீட்டினார். வாங்கி இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தேன். மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனேன். சந்தேகமே இல்லை.

"ஐயோடோபார்ம்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம், துவான்" என்றேன், மலாயில் ஐயா என்கிற மாதிரி.

செங்கமலம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அது என் துணி ஐயா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே எல்லாரும் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். அவளுடைய மூன்று வயது மகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாயில் விளையாடிக்கொண்டிருந்ததாம். எனக்கு அது அப்போது தெரியாது.

பகல் சாப்பாட்டு வேளையில் பொன்னம்மா என் முன்னால் வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

"நீங்களா ஐயா சொன்னீங்க? செங்கமலம் மருந்து கொண்டு போனான்னு?"

"நானே மோந்து பார்த்தேன் பொன்னம்மா. ஐயோடோபார்ம்தான்."

"நீங்க எத மோந்தாலும் அந்த வாசம்தான்லா வரும்! நீங்க படி ஏறுறதுக்கு முந்தியே வார்டு பூரா தெரியும், டிரெசர் ஐயா வந்துட்டாருன்னு. ஒங்க கையில இருக்கு ஐயா அது."

கையை முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. "பாரு, வாடையே இல்ல" என்றேன்.

"வெளிய போயி கொஞ்சம் காத்து வாங்கிட்டு மோந்து பாருங்க."

கோபத்தோடுதான் போனேன். ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து இறங்கி, தண்ணீர்த் தொட்டி வரை நடந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கையை மூக்கருகே கொண்டுவந்தேன். காலையில் துணியில் முகர்ந்த அதே வாடை, அதே காட்டம். விரலிலிருந்து வந்தது. மருந்து அறைக்குள் இருந்தவரை தூங்கிக் கிடந்த என் மூக்கு, கேட் வரை நடந்த காற்றில் விழித்துக்கொண்டு, என் கையையே எனக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது. நான் அதை அவள் துணி என்று நினைத்தேன். மஞ்சளைக் கண்டவுடன் கண்ணும் ஆமாம் போட்டுவிட்டது. தொட்டித் தண்ணீரில் கை கழுவக் குனிந்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் குற்றமில்லாதவள் என்பதற்கு என் கையில் இருந்த அந்த வாடை ஒன்றுதான் சாட்சி.

திரும்பி வந்து, "அப்ப அந்த மஞ்சக் கறை? அந்தத் தூள்?" என்று பொன்னம்மாவிடம் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கைப்புள்ள செத்து பன்னெண்டு நாளாச்சு. பால் கட்டிக்கிட்டு காய்ச்சலா துடிச்சா ஐயா. நாந்தான் மல்லியப்பூவ மாருல வச்சுக் கட்டச் சொன்னேன். பூ வச்சா பால் வத்தும். மஞ்சளும் அரச்சுப் போட்டிருப்பா."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"அம்புட்டு ஆம்பளைங்க முன்னாலயா?"

அந்தக் கைக்குழந்தை இறந்தது என் வார்டில். வயிற்றுப்போக்கு. கடைசி வரை நான்தான் பக்கத்தில் இருந்தேன். குழந்தையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். குழந்தை போனாலும் தாயின் மார்பில் பால் நிற்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாஸ் பண்ணின பரீட்சை எதிலும் அந்தக் கேள்வி வரவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

துரையிடம் ஓடினேன். எஸ்டேட் தமிழில் நன்றாகப் பேசுவார். "டிரெசர், காலையில ஆமாம்னு சொன்னே. இப்ப இல்லேன்னு சொன்னா, காட்டுக்காரன் உன்னை மிரட்டினான்னு போலீஸ்காரன் நினைப்பான். உன்னையும் உள்ளே போடுவான். மருந்துச் சாவி உன் கையில, அதை மறக்காதே" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போமா, டாக்டர் வந்ததும் அவர் மூலம் சொல்வோமா என்று மனம் வழி தேடியது. ஆனால் செங்கமலத்தை கோலா பிலாவிலிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது? "லாரி மட்டும் குடுங்க துரை" என்றேன். கொடுத்தார். பொன்னம்மாவும் ஏறிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் துணியை ஒரு காகிதக் கவரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். நாங்கள் மலாயில் பேசினோம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"காலையில் நிச்சயம் என்றீர்கள். மத்தியானம் இல்லை என்கிறீர்கள். இடையில் உங்களிடம் பேசியது யார்?"

"இந்த ஆயாதான். ஆனால் அவள் சொன்னதை நம்பவேண்டாம். உங்கள் கைக்குட்டையைக் கொடுங்கள்."

யோசித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக் கைக்குட்டை, சலவை மடிப்பு கலையாதது. அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன், காலையில் துணியைப் பிடித்த மாதிரியே. பிறகு திருப்பிக் கொடுத்தேன். "வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முகர்ந்து பாருங்கள், துவான்."

அவர் வெளியே போனார். கண்ணாடி ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. கைக்குட்டையை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இதை வைத்து என்னையே பிடிக்கலாம்" என்றார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி. இந்தத் தூள் என்ன?"

பொன்னம்மா தமிழில் சொன்னதை நான் மலாயில் சொல்லவேண்டும். எத்தனையோ பிரசவம் பார்த்தவன்தான். ஆனாலும் அன்றைக்கு மேஜையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். குழந்தை இறந்தது, பால் கட்டியது, பூ வைத்துக் கட்டியது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். இன்ஸ்பெக்டர் கவரிலிருந்து துணியை எடுத்து மேஜையில் விரித்தார். பென்சில் முனையால் அந்தப் பழுப்புத் தூளைக் கிளறினார். உள்ளே ஒரு வாழைநார். அதில் முடிச்சு முடிச்சாகக் காய்ந்த காம்புகள். பூத் தொடுத்த நார். மருந்தை யாரும் நாரில் தொடுப்பதில்லை. அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஏன் அவள் என்னிடம் சொல்லவில்லை?"

நான் பொன்னம்மாவின் பதிலை அப்படியே மலாயில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். காலையில் போட்ட கையெழுத்துக்குக் கீழே, நான் சொன்னது தவறு என்று என் கைப்பட எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்; செங்கமலத்தை அப்போதே எங்களோடு அனுப்பினார். அந்தத் தாள் என் வேலைக்கு உலை வைக்கும் என்று நினைத்தேன், வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் என் மூக்கைப் பற்றிப் பேசவில்லை. லயத்தில் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதிகம் இல்லை. உங்களிடம் இன்று நல்ல நல்ல கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் மூக்கைப் பயன்படுத்துங்கள்; அதைப் போல் வேகமாகச் செய்தி சொல்வது வேறில்லை. ஆனால் அது சொன்னதும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நீங்கள் கொண்டுபோன வாடை எது, அங்கே இருந்த வாடை எது என்று பிரித்துப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவர் கூட்டிப் பெருக்குகிறவராக இருந்தாலும். தவறு என்று தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நான் அன்றைக்கே போனதால் செங்கமலத்தை மீட்க முடிந்தது. எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை.

அன்று சாயங்காலம், ஊரடங்குக்கு முன்னால் தோட்டம் சேரவேண்டும் என்று லாரியை வேகமாக ஓட்டினான் டிரைவர். பின்னால் பலகையில் செங்கமலமும் பொன்னம்மாவும் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். இன்ஸ்பெக்டர் திருப்பிக் கொடுத்த கவர் செங்கமலத்தின் மடியில் இருந்தது.

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிரு" என்றேன்.

அவள் கவரிலிருந்து துணியை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தேன்: அது பழைய வேட்டியில் கிழித்த துண்டு. அந்தக் குழந்தையை நான் சுற்றிக் கொடுத்த துணி. ஒரு மூலையை மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு அடுத்த மூலையை. நடுவில். மடித்திருந்த இடத்தைப் பிரித்து அங்கேயும் முகர்ந்தாள்.

"தொவைக்காம வச்சிருந்தேன் ஐயா" என்றாள். "புள்ள வாசம் இருந்துச்சு. இப்ப ஒங்க மருந்துதான் அடிக்குது."